முப்பத்தோராவது குழி

நான் தோண்டிய குழிகளுக்கெல்லாம் எண் உண்டு. டைரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எந்த ஊர், நிலத்தின் எந்த மூலை, அருகில் உள்ள எல்லைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழத்தில் என்ன புட்டி கிடைத்தது, முழுசா உடைசலா, எல்லாம் அதில் இருக்கும். பழைய கண்ணாடிப் புட்டிகளைத் தோண்டி எடுப்பது என் பொழுதுபோக்கு. பிழைப்பு நில அளவை. உரிமம் வாங்கிய தனியார் சர்வேயர் நான். வீடு ராஜபாளையத்தில். அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்து மாடியில் ஓர் அறை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் நிலத்தின் மேல்பக்கத்தை அளப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் அடிப்பக்கத்தைக் கிண்டுவேன்.

அளக்கப் போகும் இடங்களில்தான் குழிக்கான தடயமும் அகப்படும். கரம்பை மண்ணுக்கு நடுவே ஓரிடத்தில் சாம்பல் பூத்த கறுப்பு மண், ஓட்டுத் துண்டு, துருப்பிடித்த தகரம், வெயிலில் மினுங்கும் ஒரு கண்ணாடிச் சில்லு. அது அந்தக் காலத்துக் குப்பைமேடு. ஒரு நீளக் கம்பியைச் செருகிப் பார்ப்பேன். கல்லில் பட்டால் ‘டக்’கென்று நிற்கும். கண்ணாடியில் பட்டால் உள்ளங்கையில் ஒரு கூச்சம் ஏறும். பிறகு களைக்கொத்தும் கையும்தான். கோலி சோடாப் புட்டி, மைப்புட்டி, பக்கவாட்டில் அளவுக்கோடு எழும்பிய மருந்துப் புட்டி. அச்சில் வார்த்த தழும்பு வாய்வரை ஓடினால் இயந்திரத்தில் செய்தது, கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் அதைவிடப் பழசு.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோண்டிய இடத்தில் உடைசல் புட்டி ஒன்றைத் திரும்ப வைத்து மூடுவேன். பின்னால் யாராவது அங்கே தோண்டினால், இது ஏற்கெனவே கிளறிய மண் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக உள்ளே ஒரு குறிப்பும் போடுவேன். முதலில் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் போட்டேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் கூழாகிக் கிடந்தது. செம்பு அழியாமல் நிற்கும் என்று தோன்றியது. இரண்டு விரல் அகலத்துக்குச் செப்புத் தகடு வெட்டி, காம்பஸ் ஊசியால் குழியின் படத்தைக் கீறினேன். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். எந்தக் கட்டத்தில் புட்டி கிடைத்ததோ அதில் ஆழத்தின் எண். மேலே வடக்கைக் காட்டும் அம்புக்குறி, அதன் தலையில் ‘வ’. தகட்டைச் சுருட்டிப் புட்டிக்குள் போட்டு, தக்கையால் அடைத்து, தண்ணீர் இறங்காதபடி சிவப்பு அரக்கை உருக்கி வாயில் ஊற்றி, குழியின் அடியில் நட்டுக்குத்தாக நிறுத்தி மண்ணைத் தள்ளுவேன்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. பதினேழு இடங்களில் அப்படிப் புதைத்த பிறகும் விளங்கவில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டாளத்துக்காரர் மாடி ஏறி வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். முடியை இன்னும் ஒட்ட வெட்டிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்காருவார். வத்திராயிருப்பு சாலையில் அவருக்கும் காலமான அவர் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு நிலம். இரண்டு வருடத்துக்கு முன்பு அதன் வெளிச்சுற்றை நான்தான் அளந்தேன். அதற்கு அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் எழும் முன்னே அங்கே போய்த் தோண்டியதும் நான்தான். முன்பு சோடாக் கம்பெனி இருந்த இடம் அது. தோண்டியது அவருக்குத் தெரியாது.

“எடத்தை ரெண்டாப் பிரிக்கணும் சார். எம்புட்டுச் சீக்கிரம் முடியுமோ அம்புட்டுச் சீக்கிரம்.”

“அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒண்ணாவே இருக்கட்டும்னு சொன்னீங்களே?”

“அப்பச் சொன்னேன். இப்பத்தான் பாட்டில் வந்துட்டே.”

“என்ன பாட்டில்?”

“வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுனோம் சார். கன்னிமூலையில ஜேசிபி ஒரு வாளி மண்ணை அள்ளிக் கொட்டுது, அதுல கெடக்கு. வாயில செக்கச்செவேல்னு அரக்கு. உள்ள செப்புத் தகடு. தகடு பூரா கட்டம் கட்டமா நம்பரு. மேல சூலம்.”

கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

“குறி சொல்லுற கோடாங்கிட்டக் கொண்டு போனோம். பாத்ததும், கையில வைக்காதீக கீழ வைங்கன்னுட்டாரு. இது வாழ வந்தவ வச்சது, வடக்க இருக்கான்னாரு. தகட்டுலயே ‘வ’ன்னு போட்டிருக்குல்லா. எங்களுக்கு வடக்க இருக்கது மதினி வீடு ஒண்ணுதான்.”

மதினி என்றது அவர் அண்ணன் மனைவியை. அண்ணன் போய் ஐந்து வருடம். அவர்கள் மகன் பட்டாளத்தில் வடக்கே எங்கோ இருக்கிறான். தனியாக இருக்கும் அந்த அம்மாள்தான், இவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் இவர் மகளை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். நிச்சயம் ஒரு தடவை தள்ளிப்போனது, இவர் மனைவிக்கு ஆறு மாதமாகத் தலைசுற்றல், ஒரு கன்றுக்குட்டி செத்தது, எல்லாம் இப்போது அந்தப் பாட்டிலின் கணக்கில் சேர்ந்துவிட்டன.

“மதினிக்குப் பத்திரிகை வைக்கப் போறதில்ல சார்,” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“அந்தத் தகடு எங்க?”

“ஓடுற தண்ணியில விடச் சொன்னாரு. பிளவக்கல் அணைக்குப் போயி விட்டுட்டு வந்துட்டேன்.”

அது என் தகடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். “வெள்ளிக்கிழமை அளந்துருவோம்” என்று வந்தது.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் டைரியை எடுத்தேன். குழி 31. கன்னிமூலைக் கல்லிலிருந்து கிழக்கே 2.10, வடக்கே 1.65. எடுத்தது: நீலப் புட்டி, ஆறு பட்டை, பக்கவாட்டில் வரிவரியாக மேடு, முழுசு. வைத்தது: கழுத்து விரிந்த மருந்துப் புட்டி. அந்த நீலப் புட்டி என் அலமாரியில் கண் மட்டத்தில் இருந்தது. நான் எடுத்ததிலேயே நல்லது அதுதான். விஷ மருந்து அடைத்த புட்டி. இருட்டில் தொட்டாலும் கைக்குத் தெரிய வேண்டும் என்று அந்த வரிகளைப் போட்டிருப்பார்கள்.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். சொந்தக்காரரைக் கேட்காமல் அவர் கல்லைத் தாண்டாதே என்பது என் தொழிலின் முதல் பாடம். அளக்கும்போது அதை மீறியதே இல்லை. குப்பையைக் கிளறத்தானே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மீறினேன். இப்போது போய், உங்கள் நிலத்தில் ரகசியமாகத் தோண்டினேன், காலிப் புட்டிகளை எடுத்துக்கொண்டு போனேன் என்றால் யார் நம்புவார்கள்? சர்வேயர் புதையல் எடுத்துவிட்டார் என்பார்கள். பிறகு யார் என்னைத் தன் நிலத்துக்குள் விடுவார்கள்?

வெள்ளிக்கிழமை அளக்கப் போனேன். பட்டாளத்துக்காரரும் அவர் மனைவியும் தென்பக்கம் நின்றார்கள். மதினி வடபக்கம் வேப்பமரத்தடியில் நின்றார். ஒல்லியான, உயரமான அம்மாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை ஓடவில்லை. கிழக்கு மேற்காக ஒரே நீளத்தை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இரண்டு வருடத்துக்கு முந்திய அளவைவிட ஏறக்குறைய முக்கால் மீட்டர் குறைந்தே வந்தது. கன்னிமூலையில் வானம் தோண்டிக் கல்லைச் சுற்றி மண் குவிந்து கிடந்ததால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். டைரியில் ‘கை நடுக்கம்’ என்றும் எழுதினேன்.

வெயில் ஏறியதும் மதினி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தார்.

“சார், குடிக்காதீக,” என்றார் பட்டாளத்துக்காரரின் மனைவி.

“உனக்கா கொண்டாந்தேன்? சாருக்குக் கொண்டாந்தேன். நல்லாப் பாருட்டி, ஒம் மகளுக்குப் பால் ஆத்திக் குடுத்த செம்புதான் இது.”

“அதெல்லாம் அப்ப.”

“ஆமா, அப்ப எனக்கு மந்திரம் தெரியாது. இப்பத்தான் டியூசன் போயிப் படிச்சேன்.”

செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே தைரியமான காரியம் அது.

செம்பைத் திரும்ப வாங்கும்போது அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நாலு ஊரு மண்ணைப் பாத்தவரு நீங்க. இந்த மாதிரித் தகடை யாரு சார் கொண்டாந்து வச்சிருப்பா? எனக்கு நெனச்சு நெனச்சு மண்டை வெடிக்கி.”

“தெரியலைம்மா,” என்றேன்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரி: ‘பொய் சொன்னேன். நேரம் 11.20.’

சனிக்கிழமை அலுவலகம் போகவில்லை. பிரிக்கும் கோட்டை வரைய வேண்டிய தாள் மேசையில் விரித்தபடி கிடந்தது. நான் அலமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். நீலப் புட்டியை எடுத்துத் துடைத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்துத் துடைத்தேன்.

“அதை இதுக்கு மேல தேய்ச்சா கண்ணாடி கரைஞ்சிரும்,” என்றாள் மனைவி. “செவ்வாக்கிழமையில இருந்து சோத்தை அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. என்ன ஆச்சு?”

சொன்னேன். முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“செப்புத் தகடு. கட்டம். அரக்கு. மூலையில புதைக்கிறது. எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் கொறச்சல். ஏங்க, இம்புட்டு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இப்படி எவனாச்சும் செய்வானான்னு கேட்டிருப்பேன்ல?”

“அது சூலம் இல்ல. வடக்குக் குறி.”

“உங்களுக்கு.”

“புதையல் எடுத்தான்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். அந்தம்மாவை இப்ப என்னன்னு சொல்லுதாங்க? அதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

ஞாயிற்றுக்கிழமை காலை நீலப் புட்டியைத் துண்டில் சுற்றி, டைரியையும் களைக்கொத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். வானம் தோண்டிய மண்மேட்டுக்குப் பக்கத்தில் பட்டாளத்துக்காரரும் அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார். உட்காராமலே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டைரியைத் திறந்து முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினேன். துண்டைப் பிரித்து நீலப் புட்டியைக் கொடுத்தேன்.

அவர் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கா? இந்தக் காலிப் பாட்டிலுக்கா எங்க நெலத்துல நாலு ஞாயித்துக்கெழமை குழி தோண்டுனீக? வேற என்னென்ன எடுத்தீக?”

“எல்லாம் எழுதியிருக்கேன்.”

“எழுத என்ன? நேத்து ராத்திரி உக்காந்துகூட எழுதலாம்.”

அவர் மனைவிக்கு வேறு பதில் கிடைத்திருந்தது. “நான் அப்பமே சொன்னேன்ல, குடிக்காதீகன்னு. அவ குடுத்த மோரைக் குடிச்சாரு, இப்ப அவளுக்காகப் பேசுதாரு.”

டைரியின் வேறொரு பக்கத்தைத் திருப்பினேன். “இதே நிலத்துல இன்னொண்ணு வச்சிருக்கேன். முப்பத்து நாலாம் குழி. கிழக்கு மூலைக் கீழக்கல்லுல இருந்து மேற்கே 4.30, வடக்கே 2.05. அறுபது சென்டிமீட்டர் ஆழம். தகட்டுல என்ன எழுதியிருக்குன்னும் இதுல இருக்கு. பூட்டி வச்ச டைரி வேணும்னா பொய் சொல்லலாம். ஜேசிபி தொடாத மண்ணு பொய் சொல்லாது.”

பட்டாளத்துக்காரர் என்னையும் டைரியையும் பார்த்தார். பிறகு வடக்கே திரும்பிச் சத்தம் கொடுத்தார். “மதினி! செத்த இங்க வாங்க.” எத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டாரோ, அந்த அம்மாள் கையில் பாத்திரம் விளக்கிய சாம்பலோடு அப்படியே வந்தார். சுருக்கமாக அவருக்கும் சொன்னேன். அவர் மண்ணைத்தான் பார்த்தார்.

டேப்பைப் பிடித்து அளந்து குறி வைத்துத் தோண்டினேன். அறுபது வந்தது. புட்டி இல்லை. எழுபது. எண்பது. அகலப்படுத்தினேன். ஒரு மீட்டர் போயும் மண்ணும் ஓட்டுச்சில்லும்தான் வந்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. டைரியைத் திரும்பப் பார்த்தேன். 4.30, 2.05. என் எழுத்துதான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்தை நான் நம்பவில்லை.

“பாத்தாச்சா?” என்றார் பட்டாளத்துக்காரரின் மனைவி. “போதும் சார், மேல ஏறுங்க.”

நான் குழிக்குள்ளேயே நின்றேன். அப்போது மதினி கேட்டார்: “எந்தக் கல்லுல இருந்து சார் அளந்தீக?”

“இந்தக் கீழக்கல்லு.”

“இது அன்னைக்கு இருந்த எடத்துல இல்லையே. மண்ணு லாரி இடிச்சுச் சாஞ்சு கெடந்துச்சு. போன கார்த்திகையிலதான கொளுந்தனாரு தூக்கி நட்டாரு.”

“அதே குழியிலதான் நட்டேன்,” என்றார் பட்டாளத்துக்காரர்.

“அதே குழின்னு நெனச்சு நட்டீக. மேக்க தள்ளிப் போச்சு, நம்ம பக்கம்தான் கொறையும்னு அன்னைக்கே சொன்னேன். பட்டாளத்துல நாங்க பாக்காத கல்லான்னு கேட்டீக.”

வெள்ளிக்கிழமை மூன்று தடவையும் குறைந்த அளவு ஞாபகம் வந்தது. டைரியைப் புரட்டினேன். ‘கை நடுக்கம்’ என்று நான் எழுதி வைத்திருந்தது 68 சென்டிமீட்டர். கை நடுங்கவே இல்லை. கல்தான் நகர்ந்திருந்தது. குழிக்குக் கிழக்கே 68 சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாக அளந்து தோண்ட ஆரம்பித்தேன். ஐம்பத்தைந்தில் களைக்கொத்தை வைத்துவிட்டுக் கையால் பறித்தேன். அறுபதுக்குச் சற்று மேலே விரலில் வழவழவென்று தட்டியது. மண்ணை ஒதுக்கியதும் சிவப்பு அரக்கு தெரிந்தது.

பட்டாளத்துக்காரரின் மனைவி இரண்டடி பின்னால் போனார். பட்டாளத்துக்காரரும் கை நீட்டவில்லை. மதினிதான் குனிந்து, என் கையிலிருந்து புட்டியை வாங்கி, கல்லில் ஒரு தட்டுத் தட்டி உடைத்தார். தகட்டை எடுத்து விரலால் நிமிர்த்தினார்.

“நான் படிக்கேன். நீங்க டைரியைப் பாருங்க,” என்றார் கொழுந்தனிடம். “மேல்வரிசை ரெண்டாவது கட்டம், முப்பத்தஞ்சு.”

“இருக்கு.”

“மூணாவது வரிசை மொத கட்டம், நாப்பத்திரெண்டு.”

“ம். இருக்கு.”

“கடைசி வரிசை கடைசிக் கட்டம், அறுபது. தலையில ஒங்க சூலம். அதுக்கு மேல ‘வ’.”

“இருக்கு மதினி.” அவர் டைரியை மூடி என்னிடம் நீட்டினார். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

அவர் மனைவி, யாரிடம் கேட்பது என்று தெரியாத மாதிரிக் கேட்டார். “அப்ப எனக்குத் தலை சுத்துனது?”

“ஒடம்புல ரத்தம் இல்லட்டி ஒனக்கு,” என்றார் மதினி. “ஆறு மாசமாச் சொல்லுதேன், டாக்டர்ட்டப் போ, டாக்டர்ட்டப் போன்னு. நீ கோடாங்கிட்டப் போற.”

நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்தேன். மதினி தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். முன்போலவே சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இது எங்கிட்ட இருக்கட்டும் சார். நாளைக்கு இன்னொருத்தர் சொன்னா எடுத்துக் காட்டணும்ல.” போகத் திரும்பியவர் நின்றார். “அளந்தாச்சில்ல? கல்லைச் சரியான எடத்துல நட்டு, கோட்டைப் போட்டுருங்க.”

“இனி எதுக்கு மதினி கோடு?” என்றார் பட்டாளத்துக்காரர்.

“பாட்டிலைப் புதைச்சது சாரு. நான்தான்னு சொன்னது நீங்கதான,” என்றார் அந்த அம்மாள். சாம்பல் கையை உதறிக்கொண்டு வடக்கே நடந்தார்.

நீலப் புட்டியைப் பட்டாளத்துக்காரர் வைத்துக்கொள்ளவில்லை. “அந்தச் சனியனைக் கொண்டுட்டுப் போங்க,” என்றார். புதையலைப் பற்றி ஊரில் பேச்சு வந்ததா என்று கேட்டால், வந்தது. இரண்டு வேலை கைவிட்டுப் போயின. அது எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயமாக இப்போது தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அவரே போனில் கூப்பிட்டார். தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து, பத்திரிகையோடு இருவருமாக வடக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

“வாங்கிக்கிட்டாங்களா?”

“வாங்கிக்கிட்டாக. வாரேன்னு சொல்லல. வரலன்னும் சொல்லல. மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளுக்கு எத்தனை எலை போடுதீகன்னு மட்டும் கேட்டாக.”

“கோடு?”

“அதை நான் கேக்கல சார்.”

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோண்டப் போகிறேன். புதைத்ததை எடுக்கப் போகிறேன். பதினேழில் அந்த நிலத்து இரண்டு போக மிச்சம் பதினைந்து. முதலில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததை முழுக்கச் சொல்லி, அனுமதி கேட்டுப் பிறகு தோண்டுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். மகாராஜபுரத்தில் ஒருவர் தோண்டி முடிக்கும்வரை மண்வெட்டியோடு பக்கத்திலேயே நின்றார். ஒன்பது வந்துவிட்டது. சோழபுரத்தில் இருபத்திரண்டாம் குழியின் மேல் ஒரு வீடு எழும்பிவிட்டது. அடுப்படிக்கு அடியில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அந்த வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினேன். அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். போய்ச் சொன்னால் அடுப்படியை உடைப்பார்கள். சொல்லாமல் விட்டால், என்றைக்காவது அவர்களே உடைக்கும்போது யார் வீடு வடக்கே இருக்கும் என்று யோசிக்கிறேன்.

பட்டாளத்துக்காரர் நிலத்தைப் பிரிக்கும் வரைபடத்தை முடித்துவிட்டேன். மற்றதையெல்லாம் போட்டுவிட்டு வடக்குக் குறியைக் கடைசியாகப் போட்டேன். சூலம் போல இல்லாமல் ஒரே கோடாக. அதில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பட்டாளத்துக்காரர் வந்து போட்டுவிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கோடு வேண்டும் என்று சொன்ன அந்த அம்மாள் இன்னும் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஆவணி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தாள் சுருட்டியபடி அலுவலக அலமாரியில் நிற்கிறது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன்.